சபையில் வாலிபர்களுக்கு ஒரு புத்தக அலமாரி: தொடங்குகிறவர்களுக்கு

சபைக் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "நம்ம பிள்ளைங்க எந்நேரமும் போனும் கையுமா இருக்காங்க, நாலு நல்ல புத்தகம் வாங்கி வச்சா என்ன?" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். பொறுப்பு உங்களிடம் வந்து சேரும். அப்படி ஏற்றுக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் சில வருஷங்களாக வாலிபர் அலமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு தட்டு, அறுபது சொச்சம் புத்தகங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அறுபதும் கைக்குக் கை போய்க்கொண்டே இருக்கின்றன. அந்த நிலைக்கு வர எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் முன்னால் ஒரு பெட்டி

பணம் கையில் வந்ததும் கடைக்கு ஓடிவிடாதீர்கள். நாங்கள் ஓடினோம். கீழ்ப்படிதல், உபவாசம், கடைசிக் காலம் என்று பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்ல ஆசைப்படுவதை எல்லாம் வாங்கி அடுக்கினோம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பாதிப் புத்தகங்களின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன, பிரிக்கவே இல்லை.

முதலில் கேள்விகளைச் சேருங்கள். வாலிபர் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு, ஒரே நிறப் பேனா கொடுங்கள். பெயர் வேண்டாம். கேள்வி இல்லாதவர்கள் "ஒன்றும் இல்லை" என்றாவது எழுதிப் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எல்லார் கையும் எழுதினால்தான், உண்மையாகக் கேட்க நினைப்பவர் தனியாகத் தெரியமாட்டார். அடுத்த வாரமும் இதையே செய்யுங்கள். இரண்டாம் வாரச் சீட்டுகளில்தான் நிஜமான கேள்விகள் வரும். முதல் வாரம், சீட்டை யார் பிரிக்கிறார்கள், பிறகு யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கேள்விகளை வேறு தாளில் எழுதிக்கொண்டு, கையெழுத்துள்ள சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள்.

எங்கள் பெட்டியில் வந்தவற்றில் சில, சொற்களைச் சற்று மாற்றித் தருகிறேன். "அவ்வளவு ஜெபம் பண்ணியும் அம்மா போய்ட்டாங்க. அப்ப ஜெபம்னா என்ன?" "நீட் ரெண்டு தடவை எழுதியாச்சு. தேவசித்தம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" "என் தோழி இந்து. என்னைவிட நல்லவ. அவளுக்கு என்ன ஆகும்?" "கெட்ட படம் பார்க்கிறதை விட முடியல." "ரெண்டு பேரும் ஒரே சபைதான், சாதிதான் வேற." "அப்பா சனிக்கிழமை குடிச்சிட்டு அம்மாவை அடிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கிறார்."

இந்தச் சீட்டுகளை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் அலமாரியில் இருந்த எந்தப் புத்தகமும் தொடவில்லை.

புத்தகத்தை எப்படிச் சோதிப்பது

அட்டையையும் ஆசிரியர் பெயரையும் பார்த்து வாங்காதீர்கள். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன.

நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி வாய்விட்டு வாசியுங்கள். நம் கிறிஸ்தவப் புத்தகங்களில் பெரும்பங்கு மொழிபெயர்ப்பு. சில மொழிபெயர்ப்புகள் ஓடும் தண்ணீர் மாதிரி இருக்கும். சிலவற்றில் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை வாசித்தால்தான் எழுவாய் எது, பயனிலை எது என்று பிடிபடும். நாக்குத் தடுக்கினால் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு பெரியவர் எழுதியிருந்தாலும் சரி. பதினாறு வயதுப் பிள்ளை இரண்டாம் பக்கத்தோடு மூடிவிடும்.

அடுத்தது, வசனத்தை எப்படி எடுத்தாள்கிறார்கள் என்று பாருங்கள். எரேமியா 29:11 நல்ல உரைகல். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்! பரீட்சை, வேலை, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அந்த வசனத்தைக் கொடுப்பார்கள். ஆனால் அது பாபிலோனில் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிற வரி. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதம் கேட்டவர்களில் வயதானவர்கள் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எழுபது வருஷத்தைச் சொல்லிவிட்டு நம்பிக்கை தருகிற புத்தகத்தை வாங்கலாம். அதை மறைத்துவிட்டு "உனக்கு மெடிக்கல் சீட் நிச்சயம்" என்கிற புத்தகம், சீட் கிடைக்காத பிள்ளையைத் தேவனிடமிருந்தே தள்ளிவிடும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மனச்சோர்வு பற்றிய அதிகாரம் இருந்தால் அதைக் கட்டாயம் வாசித்துவிடுங்கள். "விசுவாசம் குறைந்ததால்தான் சோர்வு" என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் நம் அலமாரிக்கு வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு கொடுத்தான். சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள், அதற்கப்புறம்தான் பேச்சு. மருத்துவரிடம் போவதைத் தவறு என்று சொல்லாத, இந்த வரிசையைப் புரிந்துகொண்ட ஆசிரியர் கிடைத்தால் இரண்டு பிரதியாக வாங்குங்கள்.

காதல், கல்யாணம் பற்றிய புத்தகங்களில் ஒரு பெரிய குறை உண்டு. பலவும் அமெரிக்காவில், பிள்ளைகள் தாங்களே துணையைத் தேடிக்கொள்ளும் சூழலில் எழுதப்பட்டவை. பெண் பார்க்க வருவதும், வரதட்சணையும், சாதியும் அவற்றில் இருக்காது. நம் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களிலேயே சாதிப் பெயர் இருக்கிறபோது, சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத கல்யாணப் புத்தகம் பாதிப் புத்தகம்தான். அதற்காக வாங்காமல் இருக்க வேண்டாம். அந்தக் குறையைக் கூட்டத்தில் நீங்கள் நிரப்ப வேண்டியிருக்கும். நாங்கள் கலாத்தியர் 3:28-ஐ வாசித்துவிட்டு, சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தம்பதியை அழைத்துப் பேசச் சொன்னோம். அன்றைக்கு வாலிபர்கள் ஒன்பது மணி வரைக்கும் கலையவில்லை.

முதல் இருபது

இருபது புத்தகங்கள் போதும். அதற்குமேல் வைத்தால் புதிதாக வருகிறவர் எதை எடுப்பது என்று தெரியாமல் போய்விடுவார்.

முதலில் வேதாகமத்திலிருந்தே தொடங்குங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பழைய திருப்புதலின் (ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பின்) தமிழ் எட்டுவதில்லை, சொல்ல வெட்கப்படுவார்கள். ஆலயத்தில் வாசிக்கிற வேதாகமத்தோடு 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வையுங்கள். யோவான் 3:16-ஐ இரண்டிலும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் "விசுவாசிக்கிறவன்", இன்னொன்றில் "நம்பிக்கை கொள்ளும் எவரும்". ஒன்றில் "நித்தியஜீவன்", இன்னொன்றில் "நிலைவாழ்வு". பிறந்ததிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வசனத்தின் அர்த்தம் அன்றைக்குத்தான் உறைத்தது என்று ஒரு தம்பி சொன்னான். கத்தோலிக்க சபையும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு என்று யாராவது முகம் சுளித்தால், பொறுமையாக இந்த ஒரு வசனத்தையே காட்டுங்கள்.

அப்புறம் வாழ்க்கை வரலாறுகள். இருபதில் ஆறேழு இதுவாகவே இருக்கட்டும். உபதேசம் சொல்லாமல் ஒருவர் வாழ்ந்ததைச் சொல்வதால் பிள்ளைகள் எதிர்ப்பில்லாமல் வாசிப்பார்கள். கோரி டென் பூமின் 'தி ஹைடிங் பிளேஸ்' 1971-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய குடும்பத்தின் கதை. பிடிபட்டு ராவன்ஸ்புருக் என்ற நாஜி வதைமுகாமுக்குப் போன அக்காள் தங்கையில் அக்காள் பெட்சி அங்கேயே 1944 டிசம்பரில் இறந்துபோனார். கொட்டகை முழுக்கத் தெள்ளுப்பூச்சி. அதற்காகவும் நன்றி சொல்லு என்று அக்காள் சொல்ல, தங்கைக்கு மனம் வரவில்லை. காவலர்கள் அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் உள்ளே வராமல் இருந்தார்கள், அதனால்தான் வேதாகமத்தைத் திறந்து வாசிக்க முடிந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்ற கேள்வியும் இந்தப் புத்தகத்திலிருந்து தானாகவே எழும். எங்கள் வாலிபர்கள் அதற்காக இரண்டு வாரம் வாதாடினார்கள்.

நம் ஊர்க்காரர்களையும் மறக்க வேண்டாம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதையொட்டிக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அதன் பாடல்கள் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்கும். மார்க்குக்காகப் படித்ததை நெஞ்சுக்காகப் படிக்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. முழுக் காப்பியத்தையும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பனியனின் கதையை எளிய தமிழ் உரைநடையில் கொடுங்கள், அது பிடித்தவர்களுக்குக் காப்பியத்தை. சட்டத்தை மீறிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்த மனுஷன் அந்தக் கதையை எழுதினார் என்று சொல்லிக் கொடுங்கள். அதில் வருகிற சந்தேகக் கோட்டைக்குள் கதாநாயகனே மாட்டிக்கொள்கிறான் என்பது, சந்தேகப்படுவதே பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே தொடர்ந்து எழுதினார். வியாதியில் இருக்கிற பிள்ளைக்குச் சுகமாகவே இருக்கிற ஒருவர் எழுதிய புத்தகத்தைக் கொடுப்பதைவிட இவருடையதைக் கொடுக்கலாம்.

துக்கத்துக்கு நான் கொடுப்பது ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் இரண்டு புத்தகங்கள், சேர்த்து. தேவன் ஏன் வேதனையை அனுமதிக்கிறார் என்று 1940-இல் நிதானமாக, தர்க்கமாக ஒன்று எழுதினார், 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்'. 1960-இல் மனைவி இறந்துபோனார். அடுத்த வருஷம் வேறொரு பெயரில், தேவனிடமே கோபப்பட்டுப் புலம்பி இன்னொன்று எழுதினார், 'எ கிரீஃப் அப்சர்வ்டு'. இரண்டும் ஒரே விசுவாசியின் புத்தகங்கள். அம்மாவை இழந்தவருக்கு முதலில் இரண்டாவதைக் கொடுங்கள். ஆங்கிலம் வராதவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. கடைசி வரிவரை வெளிச்சம் வராத சங்கீதம் அது. அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே என்பதைச் சொல்லுங்கள்.

மீதி இடத்தில் உங்கள் சீட்டுகளில் வந்த கேள்விகளுக்கு ஏற்றபடி வாங்குங்கள்: உடலும் கற்பும், போன் பழக்கம், படிப்பு வேலைத் தேர்வு, மற்ற மதத்தார் நடுவில் வாழ்வது. நாலைந்து கதைப் புத்தகங்களும் வேண்டும்.

வாங்குவதற்குச் சென்னையில் பார்க் டவுனில் உள்ள சி.எல்.எஸ். (கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்) புத்தகக் கடைக்குப் போகலாம். 1858-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. வேப்பேரியில் இ.எல்.எஸ். கடையும் உண்டு. கன்வென்ஷன் கூட்டங்களின் புத்தக மேஜைகளையும் விடாதீர்கள். கல்லூரியில் ஐ.சி.இ.யூ. என்கிற கிறிஸ்தவ மாணவர் கூட்டத்துக்குப் போகிற அண்ணன் அக்காமாரிடம் கேட்டால் நல்ல பெயர்கள் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற பி.டி.எஃப். கோப்புகளைச் சபைக் குழுவில் பரப்ப வேண்டாம். தமிழ்க் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் கொஞ்சப் பிரதிதான் அச்சிடுகின்றன; அவற்றையும் நாம் வாங்காவிட்டால் அடுத்த புத்தகம் வராது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருஷம் தாண்டினால் பதிப்புரிமை முடிகிறது, கிருஷ்ண பிள்ளையின் மூல நூலைப்போல. அப்படிப்பட்டதைத் தாராளமாகப் பகிரலாம். பழைய நூலானாலும் புது மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் எழுதாத நோட்டு

தொடக்கத்தில் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். பெயர், அப்பா பெயர், தெரு, புத்தகம், எடுத்த தேதி. அலமாரி வெஸ்ட்ரிக்குள், அதாவது ஆலயத்தை ஒட்டிய அறைக்குள், ஐயரின் (எங்கள் ஆயரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மேஜைக்குப் பக்கத்தில். பூட்டும் சாவியும் என்னிடம்.

குடிப்பழக்கமுள்ள பெற்றோருடன் வாழும் பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது, தொண்ணூறு பக்கம் இருக்கும். நோட்டில் அதற்கு எதிரே ஒரு பெயரும் விழவில்லை. ஒரு நாள் தூசி தட்டும்போது அதற்குள் ஒரு காணிக்கைக் கவர் செருகியிருந்தது, பன்னிரண்டாம் பக்கத்தில். யாரோ மறந்து வைத்தது என்று நினைத்து அப்படியே விட்டேன். அடுத்த ஞாயிறு பார்த்தபோது கவர் இருபதாம் பக்கத்துக்கு வந்திருந்தது. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நின்று பேசுகிற அந்தப் பத்து நிமிஷத்தில், ஒரு பிள்ளை உள்ளே வந்து நின்றபடியே வாசித்துவிட்டு, அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நோட்டில் பெயர் எழுதி வீட்டுக்கு எடுத்துப்போக அதற்குத் தைரியம் இல்லை. யார் என்று நான் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியைத் திறந்து வைத்துவிட்டு, வேறு பக்கம் போய் நின்றுகொள்வேன். கவர் கடைசிப் பக்கம் வந்து, பிறகு காணாமல் போனது.

அதோடு நோட்டை மாற்றினோம். இப்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண். எடுக்கிறவர் அந்த எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதுவார், கொண்டுவந்து வைத்ததும் ஒரு டிக். அலமாரியை வெஸ்ட்ரியிலிருந்து எடுத்து, சைக்கிள் நிறுத்துகிற பக்கத்து வராண்டாவில் வைத்துவிட்டோம். பூட்டு இல்லை. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரிப் பழுப்புக் காகித அட்டை போட்டு, முதுகில் எண் மட்டும் எழுதியிருக்கிறோம்; பெயர்ப் பட்டியல் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பஸ்ஸில் வைத்து வாசித்தாலும், வீட்டில் மேஜைமேல் கிடந்தாலும் என்ன புத்தகம் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் மற்ற எதை விட்டாலும் இதை மட்டும் முதல் நாளிலிருந்தே செய்துவிடுங்கள்.

சேர்ந்து வாசிக்க

அலமாரி நடக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரு புத்தகத்தை வாசிக்கத் தொடங்கலாம். எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாக்குங்கள். வாரம் ஒரு அதிகாரம், முக்கால் மணி நேரம். வாசிக்காமல் வந்தவரையும் உட்கார வையுங்கள், முதல் பத்து நிமிஷம் யாராவது இரண்டு பக்கம் வாய்விட்டு வாசிக்கட்டும். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லி நெருக்காதீர்கள்.

நடத்துகிறவர் ஆயராக இல்லாமல் இருந்தால் நல்லது. ஐயர் இருந்தால் பிள்ளைகள் பரீட்சை விடை மாதிரிப் பேசுவார்கள். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்" என்று கேட்டாலும் அப்படித்தான். "எந்த இடத்தில் உனக்கு ஒத்துக்க முடியல?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்ததும் உடனே திருத்தப் போகாதீர்கள். இந்துத் தோழியைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு எங்களில் ஒருவருக்கும் நேரான பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னோம். அந்தப் பிள்ளை அடுத்த வாரமும் வந்தாள்.

புத்தகத்தோடு முடியாதவை

சில புத்தகங்கள் பழைய காயத்தைத் திறந்துவிடும். வாசித்த பிள்ளை உங்களைத் தேடி வரும். அப்போது இன்னொரு புத்தகத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை நீங்களே அழைத்துக் கையில் கொடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். அடியோ கொடுமையோ அனுபவிக்கிற பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண். அந்த வயதுப் பிள்ளைக்குப் பாலியல் கொடுமை என்று தெரியவந்தால், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. செய்தவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கமிட்டிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த இரண்டு எண்களையும் அலமாரிக் கதவின் உள்பக்கம், பட்டியலுக்குக் கீழே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, எங்களுக்கு அது சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை முடிந்த வாரம், எண்களைச் சரிபார்ப்போம். யாருமே தொடாததை எடுத்துவிட்டு வேறு வைப்போம். பெட்டியையும் மறுபடி வைத்துப் புதுச் சீட்டுகள் வாங்குவோம். நாலைந்து புத்தகம் திரும்பி வந்திருக்காது. யார் எடுத்தது என்று கூட்டத்தில் கேட்பதில்லை. அந்தத் தொண்ணூறு பக்கப் புத்தகம் இதுவரை மூன்று தடவை போய்விட்டது. நாலாவது பிரதியைப் போன மாதம்தான் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, அதே 17-ஆம் எண்ணை எழுதி வைத்தேன்.